வண்டிக்குக் குளிருதுங்க

திருப்பூரில் ஏது குளிர் என்று சிரிக்காதீர்கள். ஊட்டிக்காரர்கள் சிரிக்கலாம், அவர்களுக்கு உரிமை உண்டு. மற்றவர்கள் மார்கழியில் விடிவதற்கு முன்னால் ஒருமுறை ராயபுரம் பக்கம் வந்து பாருங்கள். டீக்கடை பாய்லரைச் சுற்றி மப்ளர் கட்டிய தலைகள். வேனுக்குக் காத்து நிற்கும் பெண்கள் துப்பட்டாவால் காதை இழுத்து மூடியிருப்பார்கள். பதினெட்டு, பத்தொன்பது டிகிரிதான் இருக்கும். எங்களுக்கு அதுவே காஷ்மீர்.

மனிதர்களைவிட அதிகமாக நடுங்குகிற ஒரு ஜீவன் என் பெரியப்பா வீட்டில் இருக்கிறது. 1991-ல் வாங்கிய டீசல் அம்பாசிடர். கலர் வெள்ளை என்று ஆர்.சி. புத்தகம் சொல்கிறது. பெரியப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பனியன் கம்பெனியை அண்ணன் எக்ஸ்போர்ட் கம்பெனியாக வளர்த்துவிட்டார். அவரிடம் புது வண்டிகள் இரண்டு இருக்கின்றன. ஆனால் பெரியம்மா மார்கழி முழுக்க அவிநாசி கோயிலுக்குப் போவது அந்த அம்பாசிடரில்தான். குனியாமல் ஏறலாம், சோபா மாதிரி உட்காரலாம். ஓட்டுவது, வண்டி வந்த நாளிலிருந்து அதை ஓட்டிக்கொண்டிருக்கும் அதே டிரைவரண்ணன். இப்போது எழுபதை நெருங்குகிறார்.

காலை நாலே முக்காலுக்கு ஆரம்பிப்பார். செல்ஃப் அடிப்பார். 'க்ர்ர்... க்ர்ர்...' நிறுத்துவார். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி. நாம் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தால், "தம்பி, வண்டிக்குக் குளிருதுங்க. கொஞ்சம் பொறுங்க" என்பார், தூங்கி எழாத பேரனைப் பற்றிச் சொல்வதுபோல. பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து இருமி, குலுங்கி, ஒரு பெரிய வெள்ளைப் புகை மேகத்தைக் கக்கிவிட்டு வண்டி உயிர் பெறும்.

சில வருடங்களுக்கு முன்னால் நான் இதைப் பற்றி உருகி உருகி ஒரு பாரா எழுதியிருக்கிறேன். விசுவாசம், பழமை, கைராசி, இன்னபிற. எழுதியதை இப்போது வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அதில் ஒரு கணக்கு விட்டுப் போயிருந்தது. அதை உங்களிடம் ஒப்புக்கொள்ளத்தான் இந்த வாரம்.

முதலில், இந்த வண்டிகளுக்கு ஏன் குளிர்கிறது?

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் தீ மூட்டிவிடும். டீசலில் வெறும் காற்றை உள்ளே இழுத்து, இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதி. அமுங்கிய காற்று ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறும். அதில் டீசலைத் தூறலாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1892-ல் காப்புரிமை கேட்டு, 1897-ல் ஒழுங்காக ஓடவைத்துக் காட்டிய இன்ஜின் இது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் அப்படிப்பட்ட ஓர் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் என்று படித்தபோது, கடலைக்காட்டுக்காரன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் தாத்தா காலத்தில் கிணற்று மேட்டில் நின்ற ஆயில் இன்ஜினும் இதன் உறவுதான். விடியற்காலையில் அதன் ஹேண்டிலைச் சுற்றித் தோள்பட்டை இறங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள்.

இன்ஜின் புதிதாக இருந்தால் பதினெட்டு டிகிரி ஒரு பொருட்டே இல்லை. வயதாகும்போது பிஸ்டன் ரிங் தேய்கிறது, அமுக்கிய காற்று ஓரமாகக் கசிகிறது. எஞ்சிய சூட்டையும் குளிர்ந்த இரும்பு உறிஞ்சிக்கொள்கிறது. ராத்திரி முழுக்க நின்ற ஆயில் கெட்டியாகி, செல்ஃபைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பாட்டரியும் குளிரில் பலம் குறையும். டீசல் பைப்பில் ஊசிமுனை ஓட்டை இருந்தால்கூடக் காற்றுப் புகுந்து, டீசல் டாங்குக்கே திரும்பிப் போய்விடும். ஆக, குளிர் புதிதாக எந்த வியாதியையும் கொடுப்பதில்லை. பகலில் மறைந்து கிடந்ததை விடியற்காலையில் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். நாற்பதைத் தாண்டிய முழங்கால்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

நிஜக் குளிர் வேறு ரகம். 1941-ல் மாஸ்கோ வாசலில் ஜெர்மன் ராணுவம் வண்டிகளுக்கு அடியில் தீ மூட்டி இன்ஜினைக் காயவைத்தது. நம் லடாக்கில் மைனஸ் முப்பது டிகிரியில் டீசலே மெழுகு கட்டி உறைந்துவிடும். 2019 நவம்பரில்தான் இந்தியன் ஆயில் அங்கே மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலை அறிமுகம் செய்தது. அதற்குமுன் அங்கே டிரைவர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் எங்கள் டிரைவரண்ணனுடையது ஜுஜுபி.

இந்தச் சாதாரணக் குளிருக்கு இன்ஜினுக்குள்ளேயே ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். ஹீட்டர் பிளக். சிலிண்டருக்கு ஒன்று. சாவியைப் பாதி திருப்பி வைத்தால் அதன் நுனி செக்கச்செவேலென்று பழுக்கும். பதினைந்து, இருபது விநாடி காத்திருந்து, கிளட்சை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் வண்டி கிளம்பிவிட வேண்டும். கிளம்பியதும் உறுமவிடக் கூடாது, ஆயில் மேலே ஏறட்டும் என்று சும்மா விட்டுவைக்க வேண்டும். சாமர்த்தியம் எதுவும் தேவையில்லை, இருபது விநாடி பொறுமை போதும்.

சரி, அப்படியென்றால் எங்கள் வண்டிக்கு ஏன் பதினைந்து நிமிஷம்? முப்பது வருடத்துக்கு மேலாக அதில் ஏறிக்கொண்டிருக்கும் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. தோன்றவைத்தது ஒரு சுவர்.

போன மார்கழியில் பத்து நாள் பெரியம்மாவோடு தங்கவேண்டி வந்தது. அண்ணன் பையரைப் பார்க்க வெளிநாடு போயிருந்தார். வண்டி நிற்கும் ஷெட்டுக்குப் பின்சுவர் ஒன்று உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா கட்டிய லைன் வீடுகள். ஆறு வீடு, ஒவ்வொன்றிலும் ஒரே ரூம். கடைசி வீட்டு ஜன்னலுக்கும் எங்கள் சைலன்சருக்கும் நடுவில் எட்டடிகூட இருக்காது. தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்று ஒருநாள் பார்க்கப் போனேன். தேனிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கணவர் காஜா பட்டன், மனைவி செக்கிங். நாலு வயதுப் பையன் ஒருவன். ஜன்னல் திட்டில் இன்ஹேலர் இருந்தது. ஜன்னலின் மேல்பாதியில் பழைய பனியன் துணியை அடைத்து வைத்திருந்தார்கள்.

"கொசுவா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லண்ணே... காலைல கொஞ்சம் புகை வரும். இவனுக்கு வீசிங். பழகிருச்சுண்ணே, பரவால்ல" என்றார்.

எத்தனை வருடமாக இருக்கிறார்கள்? மூன்று வருடம். ஏன் சொல்லவில்லை? அவர் சிரித்தார். நான் கேட்டதும் கொஞ்சம் முட்டாள்தனமான கேள்விதான். வீட்டுக்காரரும் முதலாளியும் ஒருவரே. வாடகை வெளியைவிட ஐந்நூறு ரூபாய் குறைவு. எந்த வாயால் சொல்வார்?

பையனின் வீசிங்குக்கு எங்கள் வண்டிதான் காரணம் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. பஞ்சுத் தூசி பறக்கிற ஊர், பனி வேறு. ஆனால் டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் முதல் பட்டியலில் சேர்த்த செய்தியை நானே பத்திரிகைக்காக மொழிபெயர்த்திருக்கிறேன். பாதி எரியாத டீசல்தான் அந்த வெள்ளைப் புகை. அதைத்தான் நான் 'மேகம்' என்று எழுதியிருந்தேன்.

அன்று சாயங்காலமே வண்டியை அவிநாசி ரோட்டில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். டிரைவரண்ணன் வழியெல்லாம் பேசவில்லை. மெக்கானிக் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொன்றாக பாட்டரியில் தொட்டுப் பார்த்தார். நாலில் மூன்று சிவக்கவே இல்லை. "இது செத்து ரொம்ப நாளாச்சுங்களே. நாசில் ஒழுகுது. எப்படீங்க இத்தனை நாள் ஸ்டார்ட் பண்ணீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஏர் ஃபில்டரைத் திறந்தவர், மூக்கைச் சுளித்தார். பெட்ரோல் வாடை.

நடந்தது இதுதான். வண்டி மக்கர் செய்தால் டிரைவரண்ணன் சீட்டுக்கடியில் ஒளித்து வைத்திருக்கும் பாட்டிலிலிருந்து துணியில் கொஞ்சம் பெட்ரோல் நனைத்து, காற்று உள்ளே போகும் வாயில் காட்டுவார். அந்த ஆவி சட்டென்று பற்றிக்கொண்டு இன்ஜினை உதைத்துக் கிளப்பிவிடும். ஒவ்வோர் உதையும் பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் சுத்தியலடி. ரிங் தேயத் தேய அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் காட்ட வேண்டும். நாலாவது பிளக் உயிரோடு சிவந்திருக்கும் நேரத்தில் காட்டினால் அது வெடி வைக்கிற மாதிரிதான். இத்தனை வருடம் விபத்து நேராதது அவிநாசியப்பர் புண்ணியம்.

"ஏண்ணா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தியிருக்கலாமே? பெரிய செலவுகூட இல்லையே?"

அவர் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். "செலவு வைக்குதுன்னு தெரிஞ்சா வித்துப்போடலாம்னு சொல்லுவாங்க தம்பி. வண்டி போனாப் பொறவு நான் எதுக்குங்க?"

இந்த இடத்தில் உங்களை ஒரு நிமிஷம் நிறுத்திக் கேட்கிறேன். அவர் செய்தது தப்பா?

தப்புதான் என்று முதலில் எனக்கும் பட்டது. நம்பி ஒப்படைத்த வண்டியின் குறையை முதலாளியிடம் மறைத்தார், இன்ஜினைக் கெடுத்தார், ஒரு குழந்தையின் ஜன்னலில் புகை விட்டார். ஆனால் அவரை மறைக்க வைத்தது யார்? எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் மாதம் ஒருமுறையாவது, "அந்த டப்பாவை எதுக்கு இன்னும் வெச்சிருக்கோம்?" என்ற பேச்சு அடிபடும். அவர் காது கேட்கும்படிதான் அடிபடும். பராமரிப்புக்குக் காசு கேட்டால் இருப்பே போய்விடும் என்ற இடத்தில் எவன் வாய் திறப்பான்?

எங்கள் ஊரில் இது கார் சமாசாரம் மட்டும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு கட்டிங் மாஸ்டர், கண்ணில் புரை விழுந்ததை வருடக்கணக்கில் மறைத்தார். கோடு மங்கலாகத் தெரிந்தால் விரல் நுனியால் தடவிப் பார்த்து வெட்டுவார். லே முழுக்க அரை இஞ்ச் தவறிய நாளில்தான் விஷயம் வெளியே வந்தது. சீக்கிரமே சொல்லியிருந்தால் சின்ன ஆபரேஷனோடு முடிந்திருக்கும். சொன்னால் அடுத்த வாரமே வேறு மாஸ்டர் வந்துவிடுவார் என்ற பயம். முதுகுவலியை மறைக்கிற சிங்கர் டைலர், மயக்கத்தை மறைக்கிற செக்கிங் பெண் என்று தேடினால் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். எல்லோரிடமும் சீட்டுக்கடியில் ஒரு பெட்ரோல் பாட்டில் இருக்கிறது. வலி மாத்திரை, டீ, புகையிலை... பெயர்தான் வேறு.

நான் பி.காம். படித்தவன். முதல் வருடத்தில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. இரண்டு முறைகள் சொல்லித் தருவார்கள். நேர்கோட்டு முறையில் வருடா வருடம் ஒரே தொகையைக் கழித்துக்கொண்டே வந்து, குறித்த வருடத்தில் பொருளை ஒழித்துக்கட்டிவிடலாம். குறைந்து செல் மதிப்பு முறையில், மீதி இருப்பதில்தான் சதவீதம் கழிப்பார்கள். ஒரு லட்ச ரூபாய் வண்டிக்கு 15 சதவீதம் கழித்தால் முதல் வருட முடிவில் 85,000. அடுத்து 72,250. இப்படியே போனால் முப்பதாவது வருட முடிவில் 763 ரூபாய் சொச்சம் நிற்கும். நூறு வருடமானாலும் கணக்கில் அது பூஜ்யத்தைத் தொடாது. அப்போது இதைப் பார்த்து வகுப்பே சிரித்தோம். இப்போது யோசித்தால், உழைத்த பொருளுக்கும் உழைத்த ஆளுக்கும் எந்த முறையில் கணக்கு எழுதுவது என்பது அத்தனை சிரிப்பான கேள்வியாகத் தெரியவில்லை.

ஆனால் பி.காம். புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியும் உண்டு. அடுத்தவன் தலையில் விழுகிற செலவு. அது நம் பேரேட்டில் வருவதே இல்லை. இதை திருப்பூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சாயப்பட்டறைத் தண்ணீர் நொய்யலில் போனபோது, எந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டிலும் நொய்யல் என்று ஒரு வரி இருந்ததில்லை. பாசனத்துக்காக 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். கடைசியில், அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்ச வேண்டியதாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். அன்றைக்கு அந்தச் செலவு முதல்முறையாக முழுசாகக் கணக்குக்குள் வந்தது. அதுவரை அதைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆற்றோரத்துத் தென்னைக்காரர்கள். எங்கள் வண்டியின் நாலு ஹீட்டர் பிளக்குக்கான பில்லை மூன்று வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தது ஒரு நாலு வயதுப் பையன். அளவுதான் சின்னது.

அப்படியானால் விற்றுவிட வேண்டியதுதானே? டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது, அதன் பிறகும் வழக்கு ஓயவில்லை. அண்ணன் ஊரிலிருந்து திரும்பியதும் இதைத்தான் பிடித்துக்கொண்டார். அம்பாசிடர் கம்பெனியே 2014-ல் உத்தர்பாராவில் கதவைச் சாத்திவிட்டது, பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு மறுபதிவுக் கட்டணம் 2022-ல் அறுநூறிலிருந்து ஐயாயிரம் ஆகிவிட்டது, டீசலுக்கும் 2014-லேயே விலைக் கட்டுப்பாடு போய்விட்டது, எந்தக் கணக்கில் பார்த்தாலும் நஷ்டம் என்றார்.

நான் எதிர்க்கட்சி. ஒரு புது கார் செய்ய எத்தனை இரும்பு, எத்தனை கரி? மார்கழி போனால் வாரம் ஒருமுறை ஓடுகிற வண்டி ஊர்க் காற்றை எவ்வளவு கெடுத்துவிடும்? எங்கள் ஊர் லாரிகளோடு ஒப்பிட்டால் தூசு. பேசப் பேச என் வாதம் எனக்கே பிடித்துப்போனது. அப்புறம்தான் உறைத்தது, ஊர்க் காற்றின் சராசரியை அந்தப் பையன் சுவாசிக்கவில்லை. அவன் சுவாசிப்பது எட்டடி தூரத்துக் காற்று. என் வாதத்தில் அந்த எட்டடிக்கு இடம் இல்லை. அண்ணன் வாதத்திலும் இல்லை என்பது வேறு விஷயம். அவர் கணக்கில் பையனும் இல்லை, டிரைவரண்ணனும் இல்லை.

பெரியம்மா இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, "வித்தா யாரோ ஒருத்தன் வாங்கி ஓட்டத்தான போறான். அவன் ஊட்டுப் பக்கத்துல கொழந்தை இருக்காதா?" என்றார். இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. உடைத்துப் போட்டால் மட்டும்தான் பதில். அதை அந்த வீட்டில் யார் சொல்வது?

கடைசியில் பெரிய தத்துவத் தீர்வு எதுவும் வரவில்லை. நாலு ஹீட்டர் பிளக்கும் புதுசு. நாசில் சர்வீஸ். பம்ப் காலிபரேஷன். டீசல் பைப் வாஷர் மாற்றம், புது பாட்டரி. வண்டியைப் பின்சுவரிலிருந்து எடுத்து முன்வாசல் வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். (வாசலுக்கு எதிரே வீடு இல்லை, காலி மனை. முதலில் அதைத்தான் பார்த்தேன்.) ரிங் வேலை பாக்கி இருக்கிறது, ஆகவே புகை ஒரேயடியாக நிற்கவில்லை. டிரைவரண்ணனிடம் அண்ணன், என் வற்புறுத்தலில், "வண்டி இருந்தாலும் இல்லைன்னாலும் உங்க சம்பளம் வரும்" என்று சொன்னார். அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. பெட்ரோல் பாட்டிலை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலை நானும் எழுந்து போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். சாவியைப் பாதி திருப்பிவிட்டு உதட்டுக்குள் எண்ணினார். பதினெட்டு... பத்தொன்பது... இருபது. கிளட்சை மிதித்து செல்ஃப் அடித்தார். ஒரே அடி. வண்டி கிளம்பிவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் பாதி, ஏதோ பறிபோன மாதிரி பாதி.

ஏழு மணிக்கு லைன் வீட்டுப் பெண் தலையை அள்ளி முடிந்துகொண்டே வாசலுக்கு ஓடி வந்தார்.

"என்னண்ணே, இன்னைக்கு வண்டிய எடுக்கலையா? அந்தச் சத்தத்துலதாண்ணே நான் தினமும் எந்திரிப்பேன். வேன் போயிருச்சு. இன்னைக்கு அரை ஷிப்டு போச்சு!"